சார்ஜ் தோற்ற ஆட்டம்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை. மேசையில் இரண்டு போன்கள், நடுவில் ஆறிப்போன பிளேன்ரீ. ஒன்றில் ஸ்டாக்ஃபிஷ், மற்றதில் லீலா; இரண்டும் சதுரங்கம் ஆடும் நிரல்கள். இந்தத் திரை நகர்த்தியதைப் பார்த்து அந்தத் திரையில் குத்துவதுதான் பெடியள் இருவருக்கும் வேலை. சேவற்சண்டை மாதிரித்தான். என்ன, சேவல்காரனுக்குச் சேவலைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும்.

முப்பத்தோராம் நகர்த்தலில் லீலாவின் போன் அணைந்தது.

"சார்ஜ் முடிஞ்சதுக்குத் தோல்வி எண்டு போட ஏலாது மச்சான்."

"நேரம் முடிஞ்சா தோல்விதானே?"

பெரிய இடத்திலும் இதே வழக்குத்தான். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாசீரோ நிரல், ஸ்டாக்ஃபிஷோடு 100 ஆட்டம் ஆடி 28இல் வென்றது. மிச்சம் 72உம் சமன். உடனே ஸ்டாக்ஃபிஷ் தரப்பில் முறைப்பாடு: நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டார்கள், நினைவகம் 1 ஜிபிதான் கொடுத்தார்கள், தொடக்க ஆட்டப் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஆடத் தெரிந்தவளுக்கே கூடம் கோணலாகிவிட்டது.

அந்த ஸ்டாக்ஃபிஷ்காரர்களோ, நிரலில் ஒரு சின்ன மாற்றம் தேறுமா என்று பார்க்கவே பல்லாயிரம் ஆட்டங்களை ஓடவிடுகிறவர்கள். நம்மவர்களுக்கு ஒன்று போதும். அதுவும் அரைகுறையாக.

கடைக்கார அண்ணை பேசாமல் தன் சார்ஜரைக் கழற்றி நீட்டினார். வாசலில் ஒரு மான் வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றது. இரண்டாம் ஆட்டத்துக்குக் கறுப்பு வெள்ளையை மாற்றுவதா என்று சண்டை தொடங்கிவிட்டது.