வாரம் ஐந்து நாளும் ஆபீஸ்: பொருள்வயிற் பிரிவு குறித்து ஒரு சிற்றாய்வு

வேலைக்குப் போவது பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கணம் தொல்காப்பியம். பொருள் தேடித் தலைவன் வீட்டைப் பிரிவான், தலைவி கலங்குவாள், இடையில் பாலை நிலம் கிடக்கும். ஓதல், பகை, தூது என்று பிரிவுக்கு வேறு காரணங்களும் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் புலவர்களுக்கு அள்ளிக் கொடுத்தது பொருள்வயிற் பிரிவுதான். இந்த இலக்கணத்தை இன்றைய சென்னையில் வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி அப்படியே பொருந்துகிறது. பாலை நிலம் என்பது மத்திய கைலாஷில் தொடங்கித் தெற்கே போகும் ராஜீவ் காந்தி சாலை, அதாவது ஓஎம்ஆர். பாலைக்குரிய பொழுது நண்பகல் என்பது பழைய விதி. இங்கே அது காலை எட்டரை, மாலை ஆறரை என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆறலைகள்வரைத் தேடுவோருக்குச் சுங்கச்சாவடிகள் நினைவுக்கு வரக்கூடும். பெருங்குடியில் 2021-இலும் நாவலூரில் 2023-இலும் வசூலை நிறுத்திவிட்டதால் அந்தக் கருப்பொருள் அருகிவிட்டது என்று குறித்துக்கொள்ளலாம். தலைவியின் கலக்கம் பற்றிப் பின்னர் காண்போம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைவன் ஒரு மாதிரி உரு. பெரம்பூரில் வீடு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஹாலின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி மட்டும் ஒருமுறை மாறியது. இப்போது அவருக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கிறது. முப்பது விழுக்காடு ஹைக். வேலை சிறுசேரி சிப்காட்டில். மூன்று சுற்று நேர்காணலையும் வீடியோவிலேயே முடித்த ஹெச்.ஆர். அம்மையார், கடைசியாக ஒரு சிறு செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: “ஃபைவ் டேஸ் டபிள்யூ.எஃப்.ஓ. சார். நோ ஹைப்ரிட். ஓகேதானே?”

தலைவன் சற்றும் தாமதிக்காமல், “ஃபைன் மேம், நோ இஷ்யூஸ்” என்றார். போனை வைத்த பிறகு யோசிக்கத் தொடங்கினார். இந்த வரிசையை வாசகர் மறந்துவிடக் கூடாது. ஆய்வின் முடிவு இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முன்னாய்வுகள் இல்லாமல் ஆய்வேடு செல்லாது என்பதால் அவற்றைப் பார்ப்போம். வேலை ஆஃபர் ஒன்றை ஏற்பதா விடுவதா என்ற குழப்பம் அறிவியல் உலகில் முறையாகப் பதிவானது 1772-இல். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த ஜோசஃப் பிரீஸ்ட்லிக்கு, ஷெல்பர்ன் பிரபுவின் நூலகராகவும் பிள்ளைகளின் படிப்பை மேற்பார்ப்பவராகவும் இருக்க அழைப்பு வந்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு, வீடும் உண்டு. ஆனால் லீட்ஸை விட்டு நெடுந்தொலைவு குடிபெயர வேண்டும். அவர் நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். ஃபிராங்க்ளின் எழுதிய பதில் புகழ்பெற்றது. என்ன செய்யலாம் என்று அவர் சொல்லவில்லை. எப்படி முடிவெடுக்கலாம் என்று மட்டும் சொன்னார். ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது. எடை சமமாக உள்ளவற்றை அடித்துவிடு. எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அதுதான் முடிவு.

பிரீஸ்ட்லி ஏற்றுக்கொண்டார். 1773-இல் குடும்பத்தோடு கால்ன் என்ற ஊருக்குப் போனார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிரபுவின் மாளிகையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஆக்ஸிஜனைப் பிரித்தெடுத்தார். ஆபீசுக்கு நேரில் வந்தால்தான் புதுமை பிறக்கும் என்று வாதாடும் மேலாளர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அவர்கள் இதை இன்னும் கண்டுபிடிக்காமல் இருப்பது நம் நல்லூழ். கண்டுபிடித்தால் சொல்வதற்கு மறுப்பும் இருக்கிறது. பிரீஸ்ட்லி கோடையில் குடும்பத்தோடு கால்னிலும், குளிர்காலத்தில் பெரும்பகுதி லண்டனில் பிரபுவோடும் இருந்தார். ஆக ஆக்ஸிஜன் கிடைத்ததே ஹைப்ரிட் முறையில்தான்.

தமிழில் இதற்கு நேர்மாறான முன்னாய்வு பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 301 அடி. காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான். அதாவது ஆஃபரை மறுக்கிறான். மறுப்புக்கு வேண்டிய அடிகளோ மிகச் சில. மீதியெல்லாம் அந்தப் பட்டினத்தின் துறைமுகம், கடைத்தெரு, மூட்டைகளுக்குப் புலிச் சின்னம் பொறிக்கும் அதிகாரிகள், கரிகாலனின் வீரம் என்று போகிறது. வேண்டாம் என்று விட்ட கம்பெனியின் கேன்டீனையும் ஜிம்மையும் பத்து வருடமாகப் புகழ்ந்துகொண்டிருக்கும் நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார்; அந்த மரபின் மூலவர் இந்தத் தலைவன். பொருளுக்காகப் பிரியமாட்டேன் என்ற இந்தப் பாட்டுக்குக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் கொடுத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. வேலையை மறுத்து இவ்வளவு சம்பாதித்தவர் வேறு எவரும் இவ்வாய்வாளரின் பார்வைக்கு வரவில்லை.

இனி கணக்கு. பெரம்பூரிலிருந்து சிறுசேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பூங்கா நகருக்கு நடை, பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. மழையும் மெட்ரோ பள்ளமும் கருணை காட்டினால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலைநாள் என்றால் பயணம் மட்டும் 88 மணி. ஆபீசில் நாளுக்கு 9 மணி வீதம் 198 மணி. வீட்டிலிருந்தபோது 198 மணிக்குச் சம்பளம் நூறு என்றால், இப்போது 286 மணிக்கு நூற்று முப்பது. வகுத்துப் பாருங்கள். முப்பது விழுக்காடு ஹைக் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவரின் மணிக்கூலி பத்து விழுக்காடு இறங்கியிருக்கிறது. டீ, டிக்கெட், இஸ்திரிக் கணக்கை இன்னும் சேர்க்கவே இல்லை. (மாதவரத்திலிருந்து பெரம்பூர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர்ச் சொச்சத்துக்கு மெட்ரோ பாதை போடுகிறார்கள். அது முழுதாக ஓடும்போது இந்தப் பத்தியை மட்டும் திருத்தி இரண்டாம் பதிப்பு வெளியிடலாம்.)

வெளிநாட்டு ஆய்வுகளும் தலைவனுக்கு ஆறுதலாக இல்லை. டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் 909 உழைக்கும் பெண்களிடம் நாளின் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு இன்பம் தந்தது என்று கேட்டு 2004-இல் வெளியிட்டார்கள். காலைப் பயணம் கடைசி இடம் பெற்றது, வேலைக்கும் கீழே. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நிக்கலஸ் புளூம் குழுவினர் செய்த சோதனை 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் வேலைத்திறன் குறையவில்லை. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் சான்றைக் காட்டி நிர்வாகத்தின் மனதை மாற்றலாம் என்பவர்கள் 2023 ஆகஸ்டை நினைத்துக்கொள்ள வேண்டும். உலகத்தையே வீட்டிலிருந்து கூட்டம் போட வைத்த ஜூம் நிறுவனம், 50 மைல் சுற்றளவில் இருக்கும் தன் ஊழியர்கள் வாரம் இரண்டு நாளாவது ஆபீசுக்கு வர வேண்டும் என்று அப்போதுதான் அறிவித்தது.

இனி தலைவியின் கலக்கம். தொல்காப்பியம் பொருந்தாமல் போவது இந்த ஓரிடத்தில்தான். பெரம்பூர்த் தலைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. ஊரடங்குக்குப் பிறகு பள்ளி திறந்த நாளிலிருந்து தினமும் ஏழே காலுக்குக் கிளம்புகிறார்; அவருடைய பிரிவை எந்தப் புலவரும் பாடவில்லை. ஆஃபர் விவரம் சொல்லப்பட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “தாராளமா போங்க. மத்தியானத்துக்கு ரசம் ஏன் சூடா இல்லன்னு கேக்க ஆளிருக்காது” என்றார். தலைவனுடைய தாயின் கூற்று இன்னும் சுருக்கம்: “அப்பவாவது தினம் ஷேவ் பண்ணுவல்ல?”

இதைப் பாசக்குறைவு என்று கொள்வது பிழை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரைத் தமிழ்க் குடும்பம் எந்த வகைமையில் சேர்ப்பது என்று இதுவரை முடிவு செய்யவில்லை. கண்ணுக்குத் தெரிகிறவர், ஆகவே சும்மா இருப்பவர் என்பதே நடைமுறை விதி. கேஸ் சிலிண்டர் வாங்க அவர். தண்ணீர் கேனை உள்ளே உருட்ட அவர். எதிர்வீட்டு கூரியருக்கு ஓ.டி.பி. சொல்ல அவர். அமெரிக்க வாடிக்கையாளர் டெலிவரி ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு முருங்கைக்கீரை வந்து இறங்கும்: “பேசிக்கிட்டே உருவிக் குடுடா.” அவர் கேமராவை அணைத்துவிட்டு உருவுவார். மாடிவீட்டு அம்மாள் இரங்கிய குரலில், “தம்பிக்கு இன்னும் ஒண்ணும் அமையலியா?” என்று விசாரித்ததும் உண்டு. ஐந்து நாள் ஆபீஸை ஏற்பவர்கள் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்து வரவேண்டிய காரணம் இந்தக் கேள்வி. ஒருவரும் அதை எழுதுவதில்லை.

தலைவிக்கே இப்படி ஓர் ஆஃபர் வந்தால் ஆய்வு வேறு திசையில் போகும். மகளிரோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்றார் தொல்காப்பியர். ஓஎம்ஆர் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைக் குடும்பக் கூட்டம் நிரப்பிவிடும். பிள்ளையை யார் வேனில் ஏற்றுவது, மாமியாரை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்ற வினாக்கள் மணிக்கணக்கில் ஆராயப்படும். தலைவனுக்கு ஆஃபர் வந்தபோது இந்த வினாக்கள் எழவே இல்லை. ஐந்து ஆண்டு வீட்டிலேயே இருந்த அவர் ஒருநாளும் பிள்ளையை வேனில் ஏற்றியதில்லை என்பதால், அவர் போவதால் ஓர் இடமும் காலியாகவில்லை.

சேருமிடத்தையும் பார்த்துவிடுவோம். நுழைவாயிலில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கிறது. ஒன்பது மணி நேரக் கணக்கு அந்தக் கதவுக்குத்தான் தெரியும். உள்ளே போனவர் ஹெட்ஃபோனை மாட்டி, பெங்களூரில் இருக்கும் மேனேஜரோடு டீம்ஸில் பேசுகிறார். பக்கத்து நாற்காலிக்காரர் நொய்டாவோடு பேசுகிறார். ஒரு மணிக்கு மைக்ரோவேவ் முன் வரிசை. புளியோதரை, எலுமிச்சை சாதத்துக்குக் காத்திருப்பு இல்லை; சாம்பார் சாதக்காரர்கள் நின்றாக வேண்டும். குழு உணர்வு என்று நிர்வாகம் சொல்வது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் உண்டாகிறது. அதைப் பொய் என்று இவ்வாய்வாளர் சொல்லமாட்டார். யார் எந்த டீமில் ஆள் எடுக்கிறார்கள், எந்த பிராஜெக்ட் மூடப்போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஹால் மூலைக்கு அந்தச் செய்தி மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலாக வரும். வேலைக்குப் புதிதாக வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை வேண்டும். தலைவனுக்கு வேண்டுமா என்பது ஐயம்.

அந்தக் கதவருகே நீல உடையில் ஒரு செக்யூரிட்டி நிற்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஹைப்ரிட் வேண்டுமா என்று அவரிடம் எந்த ஹெச்.ஆரும் கேட்டதில்லை. இந்த ஆய்வின் எல்லை அவருக்கு ஓரடி முன்பாகவே முடிந்துவிடுகிறது.

முடிவுக்கு வருவோம். புறப்பட நினைத்தவன் தயங்கி நிற்பதற்கு அகத்திணையில் செலவழுங்கல் என்று பெயர். கற்பியலில் தொல்காப்பியர் அதைத் தெளிவாக விளக்கிவிட்டார். தயங்குவது போகாமல் இருப்பதற்கு அன்று. பிரியப்படுபவரைத் தேற்றிவிட்டுப் போவதற்காகவே. ஃபிராங்க்ளினின் இரு பத்தித் தாள், எக்செல் அட்டவணை, நண்பர்களிடம் கேட்கும் கருத்து எல்லாம் இதில் அடங்கும். பெரம்பூரில் தேற்ற வேண்டிய தலைவி ஏற்கெனவே டிபன் பாக்ஸ் பார்த்து வைத்துவிட்டதால், தலைவன் தேற்றிக்கொண்டிருப்பது தன்னைத்தான். “நோ இஷ்யூஸ் மேம்” என்பது முதலிலும் ஆராய்ச்சி பின்னாலும் வந்ததை மேலே பார்த்தோம். ஆகவே தீர்ப்பு: அவர் ஏற்பார். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடில் தினம் ஒருமுறை மறுப்பதாகச் சொல்வார். தொண்ணூற்றோராம் நாள் சேர்வார்.

இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். வேந்தன் பணிக்குப் போனவனும் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், ஓதல் தவிர மற்றப் பிரிவுகளுக்கும் அதே வரையறை என்று கற்பியல் சொல்கிறது; ஓராண்டு கழித்து வாரம் இரண்டு நாளாவது வீடு உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை வீட்டிலிருந்து அந்த ஆபீஸ் வாசல் வரை போய்வாருங்கள். நேர்காணலை வீடியோவில் நடத்தியவர்கள் அந்த வழியை உங்களுக்குக் காட்டவில்லை.