செக்குமாடும் சைக்கிளும்

கேள்வி: சிங்கப்பூரின் கிழக்குக் கரையோரச் சுற்றுப்பாதை 42 கிலோமீட்டராம். அவ்வளவு தூரம் மிதித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர ஒரு பாதையா? செக்குமாடாவது எண்ணெய் கொடுக்கும்!

பதில்: செக்குமாட்டால் பாதி வழியில் கழன்றுகொள்ள முடியாது, சைக்கிள்காரரால் முடியும். வட்டப்பாதையின் சூட்சுமமே அதுதான். நேர்க்கோட்டுப் பாதைக்கு இரண்டே முனைகள். நடுவில் குடியிருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் பாதை ஓரிடத்தில் கைவிட்டுவிடும். வட்டத்துக்கு முனையே இல்லை என்பதால், அதை ஒட்டியிருக்கும் ஒவ்வொரு அடுக்குமாடி வாசலும் தொடக்கப்புள்ளிதான். 2007இல் திறந்த இந்த வட்டம் ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி கடற்கரை, பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் நீர்த்தேக்கம் என்று பூங்காக்களை மாலையாகக் கோக்கிறது. மாலையில் எந்தப் பூவை முதல் பூ என்பீர்கள்? ஓரிடத்தில் பராமரிப்புக்காகத் தட்டி வைத்து மறித்தாலும், எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்விடலாம். 42ஐயும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. பிடோக்கில் ஏறித் தெம்பனிஸில் இறங்குபவருக்கு அது வட்டமே அல்ல, சந்தைக்குப் போகும் வழி.

கேள்வி: பணக்கார ஊர், கொட்டிச் செலவழிக்கிறார்கள். இதில் என்ன சாமர்த்தியம்?

பதில்: பணம் இருக்கிறது, உண்மை. இல்லாதது இடம். அந்தத் தீவில் ஒரு முழம் நிலத்துக்கும் நாலு பேர் போட்டி. அப்படியிருந்தும் இந்த வட்டம் போன்ற பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டதற்குக் காரணம், பெரும்பகுதியும் யாரும் கேட்காத நிலத்தில் போட்டதுதான். மழைநீர்க் கால்வாய்களைத் தூர்வாரவும் பழுதுபார்க்கவும் கரையோரமாக ஒரு பட்டை நிலத்தை எப்போதும் காலியாக விட்டுவைப்பார்கள். வீடு கட்ட முடியாது, கடை வைக்க முடியாது, நடக்கலாம். தண்ணீர் மேட்டில் ஏறாது என்பதால் கால்வாய்க் கரையும் பெரும்பாலும் சமதளம். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல பொறியாளர் கிடைக்கமாட்டார். ஆனால் கால்வாய் முடிந்து தெருவைக் கடக்கும் இடத்தில் அகலமான பாதை குறுகி, சிக்னலுக்காக ஒற்றைக்காலில் நிற்க வைக்கும். மிச்ச நிலத்தில் தைத்த சட்டைக்கு அங்கங்கே ஒட்டு தெரியத்தான் செய்யும்.

கேள்வி: நடப்பவரையும் சைக்கிளையும் ஒரே பாதையில் விட்டால் தினமும் சண்டைதானே?

பதில்: சண்டை சைக்கிளோடு அல்ல, வேகத்தோடு. நிதானமாக நடப்பவர் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பகிர்பாதையில் சைக்கிளுக்கு உச்சவரம்பு 25. ஐந்து மடங்கு. தெருவோர நடைபாதையில் அதையே 10 ஆக்கிவிட்டார்கள், இரண்டு மடங்கு. முதல் இடைவெளியில் மணியடித்தால் நடப்பவர் துள்ளுகிறார். இரண்டாவதில் திரும்பிப் பார்க்க நேரமிருக்கிறது. மின் ஸ்கூட்டர்களை 2019 நவம்பரில் நடைபாதையிலிருந்து அறவே விலக்கினார்கள். 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை உள்ள இடங்களில் நடப்பவர்களுக்கென்றே தனிப்பாதையும் வந்திருக்கிறது. ‘அப்படியானால் பகிர்வு தோற்றுவிட்டதா?’ என்று அடுத்த கடிதம் எழுதவேண்டாம். கூட்டம் மிகுந்த இடத்தில் பிரிப்பதும், ஆளரவமற்ற கால்வாய்க் கரையில் பகிர்வதும் ஒரே கணக்கின் இரு விடைகள். எல்லா இடத்திலும் இரட்டைப் பாதை வேண்டுமென்று அடம்பிடித்தால், கால்வாய்க் கரையின் ஒற்றைப் பட்டையில் ஒன்றுமே போட முடியாது.

கேள்வி: அந்த வெயிலில் யார் மிதிப்பது?

பதில்: நண்பகலில் யாருமில்லை. அந்த நேரத்தில் சாங்கி விமான நிலையத்துக்கும் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கும் இடையிலுள்ள பாதையோரத்தில் 2020இல் நிறுத்திவைத்த டைனோசர் பொம்மைகள் மட்டும் நிற்கும். அவற்றுக்கு வியர்க்காது.