செடி டாக்டர்

வாட்ச்மேன் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு சென்னையில் உண்டு. செடி டாக்டர் இல்லாத குடியிருப்பு கிடையாது. 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாவற்றையும் மானிய விலையில் கொடுத்து மொட்டை மாடிகளில் வெண்டையையும் தக்காளியையும் முளைக்க வைத்தது. முளைத்தவை வாட ஆரம்பித்ததும் இவரும் முளைத்துவிட்டார்.

பெரும்பாலும் வங்கியில் ஓய்வு பெற்றவராக இருப்பார். வேளாண் படிப்போடு இவருக்குள்ள ஒரே உறவு, பேரன் கவுன்சலிங்கில் கோவைப் பல்கலைக்கழகத்தை மூன்றாவது விருப்பமாகப் போட்டிருந்தான் என்பதுதான். ஆனாலும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். நகைக்கடன் பிரிவில் இருந்த காலத்து லென்ஸ். அப்போது வளையலில் செம்பு தேடியது, இப்போது மிளகாய் இலையின் அடிப்பக்கத்தில் பேன் தேடுகிறது. தேடும்போது முகத்தில் தெரியும் அந்தச் சந்தேகம் மட்டும் மாறவில்லை.

நோயாளியை உடனே பார்த்துவிட மாட்டார். முதலில் வந்தவரிடம் விசாரணை. எப்போது விதைத்தது, மண்கலவையில் என்னென்ன, ஆட்டு எருவை மக்க வைத்தார்களா, தண்ணீர் ஊற்றுவது வீட்டம்மாவா வேலைக்கு வருபவரா, எந்தப் பக்கத்து வெயில். "நார்க்கழிவை அலசினீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அதில் உப்பு இருக்கும், நாற்றின் இலை ஓரம் கருகும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் லிஃப்ட் இரண்டு முறை வந்து போய்விடும்.

கைவசம் உள்ள பாடங்களில் இவருக்கு மிகவும் பிடித்தது மிளகாய்தான். உள்ளங்கையை மேலே குவித்துக் காட்டுவார்: "இலை இப்படி மேல சுருண்டா இலைப்பேன்." கையைக் கவிழ்ப்பார்: "இப்படிக் கீழ சுருண்டு, காம்பு நீண்டுச்சுன்னா சிலந்திப்பேன்." ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "ரெண்டு பக்கமும் சுருண்டா தாத்தா?" என்று மடக்கினான். தாத்தா அசரவில்லை. "ரெண்டும் வந்திருக்குன்னு அர்த்தம்." சொன்னதோடு நிற்காமல் வெள்ளைத்தாளை அடியில் பிடித்துச் செடியைத் தட்டினார். தாளில் விழுந்த புள்ளிகள் ஓட ஆரம்பித்ததும் பையன்தான் அசந்துபோனான்.

மஞ்சள் இலைக்கு வேறு பாடம். கீழே உள்ள மூத்த இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. "பத்தாக்குறை வந்தா வீட்டுப் பெரியவங்க தன் பங்கைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி, மூத்த இலை தழைச்சத்தைத் தளிருக்கு விட்டுக் கொடுத்துடும். இரும்பு அப்படி நகராது." இதைச் சொல்லும்போது தன் ஓய்வூதியத்தை நினைத்துக்கொள்வாரோ என்னவோ, குரல் சற்றுத் தழுதழுக்கும்.

மருந்து விஷயத்தில் அவர் முழு இயற்கைவாதி. அதனால் அக்கம்பக்கத்தில் பகையும் உண்டு. பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்த அன்று மாடியில் துணி காயப்போட்டவர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு ஊறவைக்கும் மீன் அமிலம் பக்குவமானால் பழவாடை அடிக்கும் என்று அவர் சத்தியம் செய்வார். பூனைகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. வேப்பெண்ணெய் மட்டும் எல்லோருக்கும் சம்மதம். சோப்புக் கரைசல் சேர்த்து அடித்துக் கலக்கு, சாயங்காலம் தெளி என்று அவர் சொல்லியனுப்ப, கேட்டவர் நண்பகல் வெயிலில் தெளித்து இலையை வறுத்து எடுத்து வருவார். ட்ரைக்கோடெர்மா விரிடி விதை நேர்த்திக்கு நல்லது. கிலோ விதைக்கு 4 கிராம் என்று போட்டிருக்கும். தக்காளி விதை ஒரு கிராமிலேயே சுமார் 300 இருக்கும். வாங்கி வந்த பாக்கெட்டிலோ இருபது. வங்கிக்காரருக்கு இந்தக் கணக்கு ஒரு நிமிடம் ஆனந்தம் தரும். பிறகு, "ஒரு சிட்டிகை போடுங்க" என்று முடித்துவிடுவார்.

நாள்பட்ட அனுபவத்தில் அவர் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. கொண்டுவரும் நாற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய், அன்பு. அடியில் ஓட்டையில்லாத தயிர் டப்பாவில் ஐம்பது விதையை நெருக்கித் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் பித்தியம் போன்ற மண்கிருமிகளுக்கு அதைவிடச் சுகவாசம் ஏது? மண்ணோடு ஒட்டிய தண்டு நீர்கோத்து, நூலாய் இளைத்து, நாற்று ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். நாற்றழுகல். சாய்ந்தது எழாது, நிற்பவற்றைக் காப்பாற்றலாம்.

ஆரம்ப காலத்தில் இதை நேரடியாகவே சொல்லிப் பார்த்தார். "தண்ணி அதிகம்மா." அந்த அம்மா முகம் சிவந்து, "என் பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து ஊட்டினதில்லை சார்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு பி பிளாக் டாக்டரிடம் போய்விட்டார். அன்றோடு உண்மை பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இப்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கி, லென்ஸை இரண்டு முறை துடைத்து, உள்ளே போய் ஒரு சிறு பாட்டில் எடுத்து வருவார். உள்ளே இருப்பது சூடோமோனாஸ் கரைசல். சரக்கு இல்லாத வாரங்களில் அரிசி களைந்த தண்ணீர். பத்தியம்தான் முக்கியம். "அடியில நாலு ஓட்டை போடுங்க. நெருக்கமா இருக்கிறதைக் கலைச்சு விடுங்க. வெளிச்சத்துல வச்சு, இதை ஒரே ஒரு மூடி ஊத்துங்க. விரலை ஒரு அங்குலம் மண்ணுல விட்டா ஈரம் ஒட்டக்கூடாது. அதுவரைக்கும் வேற ஒரு சொட்டு ஊத்தினீங்க, மருந்து முறிஞ்சிடும்." மருந்து முறிந்துவிடும் என்ற பயத்துக்கு இந்த ஊரில் கட்டுப்படாதவர் யார்?

வெண்டையில் நரம்பு மஞ்சளோடிவிட்டால் மட்டும் அவருக்குச் சங்கடம். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து கிடையாது, பக்கத்துச் செடிக்குத் தொற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும். முதல் பூ விட்டிருக்கும் செடியைப் பிடுங்கு என்று யாரிடம் சொல்வது? "பார்க்கலாம்மா, ரெண்டு நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை நடைப்பயிற்சியின்போது தானே பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். ஏழு மணிக்கு அலறல் கேட்கும்போது எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து, "அணில் சனியன்!" என்பார்.

போன வாரம் இரண்டாவது மாடி அம்மா காலிப் பாட்டிலோடு வந்தார்.

"உங்க மருந்து பிரமாதமாக் கேட்டுது சார். நாத்து நிமிர்ந்துடுச்சு. அதான் நேத்துலேர்ந்து காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடின்னு ஊத்திட்டு வர்றேன். தீர்ந்துபோச்சு. இன்னொரு பாட்டில் கொடுங்களேன்."

டாக்டர் லென்ஸை எடுத்துத் துடைத்தார்.

"இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துடுச்சேம்மா. கோயமுத்தூர்லேர்ந்து வரணும். எப்படியும் நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் வேற எதையும் ஊத்திடாதீங்க."