கேள்வி - பதில்: சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்கு

கே: சிங்கப்பூரில் காலை ஏழு மணியாகியும் விடியவில்லையே, ஏன்? (கப்பல்துறை வாசகர்)

ப: சூரியனில் பிழையில்லை, மணிக்கூடுதான் முந்துகிறது! சூரியக் கணக்குப்படி சிங்கப்பூர் கிரீன்விச்சை விட ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் முந்தியிருக்க வேண்டும், இருப்பதோ எட்டு. 1982 ஜனவரி 1ஆம் திகதி மலேசியா, ஏற்கெனவே முந்தியிருந்த தன் மேற்குப் பகுதி நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு சேர்க்க மேலும் அரை மணி முன்தள்ளியது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கிற பாலத்துக்கு அக்கரையில் ஒரு நேரம், இக்கரையில் ஒரு நேரம் என்றால் வியாபாரம் குழம்புமே! சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே இருட்டோடு வீட்டை விட்டு இறங்குகிறார்கள். திருகோணமலையின் கோணேசர் மலையில் ஆறு மணிவாக்கில் சூரியனைக் கும்பிடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கே: சிங்கப்பூர் எவ்வளவு பெரியது? (மூதூர்)

ப: திருகோணமலை மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட.

கே: சாப்பாட்டு நிலையத்தில் வெறும் மேசையில் டிஷ்யூ பக்கெட் கிடந்தது. எடுக்கலாமா? (தம்பலகாமம்)

ப: தொடவே கூடாது! பஸ் யன்னலுக்குள்ளால் லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிற அதே வேலைதான். உரிமையாளர் சோற்றுக்கு வரிசையில் நிற்பார். ஒரு சின்னக் காகிதப் பொதியை இத்தனை பேர் மதிக்கிற ஊர் என்றால் அதிசயமல்லவா? தெருவோரக் கடைக்காரரைத் துரத்தாமல், குழாய்த் தண்ணீரோடு கூரையின் கீழ் இடம் கொடுத்து உருவாக்கிய நிலையங்கள் இவை. 2020இல் யுனெஸ்கோ இந்தச் சாப்பாட்டு நிலையப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. சாப்பிட்டவரே தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது 2021 முதல் கட்டாயம்.

கே: சூயிங்கம்? (கிண்ணியா)

ப: 1992 முதல் விற்பனைக்குத் தடை. சிலர் அதை ரயில் கதவில் ஒட்டி ரயிலையே நிறுத்தியதால்தான்!

கே: சிங்கப்பூருக்கும் எங்களுக்கும் என்ன உறவு? (சீனன்குடா)

ப: சீனன்குடாவிலிருந்தா இந்தக் கேள்வி! அங்கே நிற்கிற பிரிமா மா ஆலை சிங்கப்பூர்க் கம்பனியுடையது. ஒப்பந்தம் 1977இல், பாணுக்கு மா 1980இலிருந்து.

கே: இவ்வளவு ஆழமான துறைமுகம் இருந்தும் திருகோணமலை ஏன் சிங்கப்பூராகவில்லை? (பாலையூற்று)

ப: ஆழம் போதாது, வழியில் இருக்க வேண்டும். மலாக்கா நீரிணையால் வரும் கப்பல்கள் சிங்கப்பூர் வாசலால்தான் போகின்றன. இலங்கையைக் கடப்பவையோ தெற்கே தேவேந்திர முனையோடு போய்விடும். பிரித்தானியரும் திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்க்கப்பல்களுக்கே வைத்திருந்தார்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 9இல் ஜப்பானியக் குண்டுகள் இங்கே விழுந்தன. இங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது 1957இல். சிங்கப்பூர் 1972இலேயே கொள்கலன் முனையம் திறந்துவிட்டது.

இதைவிட வலிக்கிற காரணம் இன்னொன்று. 1956இல் இலங்கை சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டது. 1965இல் தனிநாடான சிங்கப்பூர் தமிழ் உட்பட நான்கு மொழிகளை ஆட்சிமொழிகளாக வைத்துக்கொண்டது. இன, மொழி, மத வேறுபாடு பாராத அதன் தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்த எஸ். ராஜரத்தினம் பிறந்தது வட்டுக்கோட்டையில். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதியதைச் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் பள்ளியில் சொல்கிறார்கள். அவர் பிறந்த நாட்டில் மொழியால் தொடங்கிய பகை கால் நூற்றாண்டுப் போராகி, இந்தத் துறைமுகத்தையும் முடக்கியது.

கே: துரியான் பழத்தை ரயிலில் கொண்டுபோகலாமா? (உப்புவெளி)

ப: கூடாது. கடையிலேயே சாப்பிட்டு முடிக்கவும்.