செப்டிக் டேங்க் பொருளாதாரம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொருளாதாரம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. சி பிளாக்கில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். முப்பது வருஷம் கல்லூரியில் அதையே பாடமாக நடத்தி ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டு அறிவு பெற்றவர்கள். ஆகவே போன மாதம் செப்டிக் டேங்க் நிரம்பி, கார் டயர்களை நோக்கிக் கறுப்புத் தண்ணீர் நகர ஆரம்பித்தபோது, சங்கக் கூட்டம் ஒரு கருத்தரங்கின் தரத்தில் நடந்தது.

கழிவுநீர் லாரி ஏற்கெனவே வந்து உறிஞ்சிவிட்டது. அடியில் இறுகிக் கிடந்த மண்டி மட்டும் ஹோஸுக்கு அசையவில்லை. "ஆள் இறங்கி வாளியில அள்ளினாத்தான் சார் போகும்" என்றார் லாரிக்காரர். ஆளையும் அவரே கூட்டிவந்தார். ஐம்பது வயதிருக்கும். கேட்டது 2,500 ரூபாய்.

"ஒரு மணி நேர வேலைக்கா?" என்றார் பொருளாளர். "மார்க்கெட் ரேட் என்னப்பா?"

1,800-க்குப் படிந்தது.

அதற்கு முந்தின வாரம் என் வீட்டுக்கு ஏசி மெக்கானிக் வந்திருந்தார். அண்ணாந்து பார்த்து "கேஸ் இல்ல சார்" என்று சொன்னதற்கு 500 ரூபாய் விசிட்டிங் சார்ஜ். பேரம் பேச எனக்கு வாயே வரவில்லை. இந்தத் தொட்டியில் கேஸ் இருந்தது. அதற்கு சார்ஜ் இல்லை.

ஆடம் ஸ்மித் பாவம், விவரமில்லாத மனிதர். 1776-ல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலில், வேலை எவ்வளவு அழுக்கோ, எவ்வளவு அபாயமோ, எவ்வளவு இழிவாகப் பார்க்கப்படுகிறதோ, அதற்கு ஈடாகக் கூலி ஏறும் என்று கணித்தார். தூக்கிலிடுபவரை உதாரணம் காட்டினார்: தொழில்களிலேயே வெறுக்கப்படுவது அதுதான், செய்கிற வேலையின் அளவை வைத்துப் பார்த்தால் கூலியும் அதற்குத்தான் அதிகம் என்றார். ஸ்காட்லாந்தில் அப்படி இருந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஸ்மித்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் படிக்க வேண்டும். நாற்றம் ஏற ஏறக் கூலி இறங்கும். கழுத்தளவு போனால் 'ஏப்பா' என்று கூப்பிடும் உரிமை இலவச இணைப்பாகக் கிடைக்கும். பொருளாளருக்கு வயது முப்பத்தைந்து.

"அவன் இஷ்டப்பட்டுத்தானே வர்றான்? யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலையே" என்றார் பேராசிரியர்.

உண்மைதான், தடையற்ற சந்தை. அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் குடியிருப்பிலேயே இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நாலு பேர் உண்டு. மணிக்கு 1,800 ரூபாய் அவர்களுக்கு எந்தக் கம்பெனி தரப்போகிறது? நுழைவுத் தேர்வு இல்லை, பாண்டு இல்லை, மூடி திறந்தே இருந்தது. ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பேராசிரியரின் பேரன் கோடிங் வகுப்புக்குப் போய்விட்டான். இப்படி ஒரே வாசல் உள்ள சந்தையை விளக்க அம்பேத்கரிடம்தான் போக வேண்டும். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துவைப்பது என்று 1936-லேயே சொல்லிவிட்டார். அவரும் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். பேராசிரியரின் அலமாரியில் அவர் பொருளாதார வரிசையில் இல்லை.

அன்றாட வாழ்க்கைக்குள் பொருளாதாரத்தைக் கொண்டுவந்தவர் என்று கேரி பெக்கரைக் கொண்டாடுவார்கள். 1992-ல் நோபல். பாகுபாடு காட்டுகிற முதலாளி அதற்கான விலையைத் தன் பையிலிருந்துதான் கொடுக்கிறார், போட்டி பலமாக இருந்தால் நாளடைவில் நசிந்துபோவார் என்பது அவர் 1957-ல் எழுதியதன் சாரம். எங்கள் சங்கத்தின் வரவு செலவை அவர் பார்த்திருக்க வேண்டும். இங்கே பாகுபாட்டுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை; 700 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறது.

அதே பெக்கர் ஒருநாள் மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகிவிட, தெருவில் விதியை மீறிக் காரை நிறுத்தலாமா என்று யோசித்தாராம். மாட்டும் வாய்ப்பு எவ்வளவு, அபராதம் எவ்வளவு? கணக்குப் போட்டு நிறுத்திவிட்டுப் போனார். குற்றத்தின் பொருளாதாரம் அங்கே பிறந்தது. நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம், கார் மட்டும் இல்லை. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால், முதல் முறைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது உச்ச நீதிமன்றம் 2014-ல். 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதர்கள் இறங்குவதை நிறுத்தச் சொன்னது. எல்லாம் சரி, மாட்டும் வாய்ப்பு எவ்வளவு? இதற்காகச் சிறைக்குப் போன ஒரு சங்கச் செயலாளரைத் தெரியும் என்று சொல்லும் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கணக்கு சுலபமாக முடிந்தது. நானும் கையைத் தூக்கினேன்.

1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸின் கையெழுத்தோடு எழுதப்பட்ட ஒரு உள்சுற்றுக் குறிப்பு பிறகு கசிந்தது. நோயும் சாவும் பறிக்கிற சம்பளத்தை வைத்துத்தான் மாசின் செலவை அளக்கிறோம்; ஆகவே நச்சுக் கழிவைக் கூலி மிகக் குறைந்த நாட்டில் கொட்டுவதில் பொருளாதாரத் தர்க்கப்படி குறையே இல்லை என்றது அது. உலகமே கொதித்தது. கிண்டலுக்கு எழுதியது என்று பிறகு விளக்கம் வந்தது. எங்கள் கூட்டத்தில் யாரும் கிண்டல் செய்யவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இறங்க வந்தவர் சட்டையைக் கழற்றி மடித்துச் சுவரோரம் வைத்தார், மேலே செருப்பை வைத்தார், பறக்காமலிருக்க. இடுப்பில் கயிறு. முகமூடி இல்லை. குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். தொட்டிக்குள் ஊறும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சாவு கிட்டே வரும்போது எச்சரிக்கை நின்றுவிடும். விலையே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்கிற பேராசிரியர் அப்போது மாடி பால்கனியில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். இந்த மாதிரித் தொட்டிகளில் பல நேரம் சாவு ஒருவரோடு நிற்பதில்லை. மயங்கியவரைத் தூக்கப் போகிற இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்தே போவதுண்டு. எங்கள் சங்கத்தில் நூற்றிருபது பேர். கயிற்றின் இந்த முனையைப் பிடித்திருந்தது லாரிக்காரரின் பையன்.

அவர் ஏறிவிட்டார். இதை நல்ல செய்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தோட்டத்துக் குழாயில் குளிக்க வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் மக் கொடுத்தார். டீ பேப்பர் கப்பில் வந்தது.

மாதக் கடைசியில் கணக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கழிவுநீர் லாரி 3,500. ஒட்டடை, இதர வேலை 1,800. கடைசி வரி, தோட்டத்துக்குப் புது மக், 35.