நிறம் பார்த்துச் சுரக்கும் கருணை

அமெரிக்கா இளகிய மனசுள்ள நாடு. யார் செத்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் இளகும், அவ்வளவுதான்.

எண்பதுகளில் கறுப்பர் குடியிருப்புகளைக் கிராக் கொகெய்ன் சூறையாடியபோது அங்கே நோயாளி என்று ஒருவரும் இல்லை, எல்லாரும் குற்றவாளிகள். 5 கிராம் கிராக் விற்றால் குறைந்தது 5 வருஷம் உள்ளே என்றது 1986ஆம் ஆண்டுச் சட்டம். கனவான்கள் மூக்கில் இழுக்கும் தூள் கொகெய்னா? அதே தண்டனைக்கு 500 கிராம் விற்றாக வேண்டும். 2010இல் மனசாட்சி உறுத்தி, நூறு மடங்கைப் பதினெட்டு மடங்காக இறக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘நியாயமான தண்டனைச் சட்டம்’!

பர்டூ ஃபார்மா என்ற மருந்துக் கம்பெனி 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற போதை தரும் வலி மாத்திரையை இறக்கியது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று புளுகி விற்றது. 2007இல் கம்பெனியும் அதன் மூன்று பெரிய அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதம் உண்டு, சிறை கிடையாது. சரக்கைக் கிராம் கணக்கில் விற்றிருந்தால் கம்பி எண்ணியிருப்பார்கள். லாரி லாரியாக அல்லவா விற்றார்கள்!

இந்தத் தடவை சுடுகாட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். உடனே போதை ‘நோய்’ ஆகிவிட்டது. கறுப்பர்களின் வலியை டாக்டர்கள் நம்பியதே இல்லை, அதனால் அவர்களுக்கு இந்த மாத்திரையைக் குறைவாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். முதல் அலையில் அவர்கள் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். இனவெறிக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதுதான்.

பிறகு ஃபென்டனில் என்ற, அதைவிடக் கொடிய செயற்கைப் போதைமருந்து வந்தது. ஹெராயினில் கலந்தது, கொகெய்னோடும் சேர்ந்தது. 2020இல், ஒரே வருஷத்தில், போதைமருந்து அளவு மீறிக் கறுப்பர்கள் சாகும் விகிதம் 44 சதவீதம் எகிறியது. பூர்வகுடிகளுக்கு 39, வெள்ளையருக்கு 22. 65 வயது தாண்டிய கறுப்பு ஆண்கள், அதே வயது வெள்ளை ஆண்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு விகிதத்தில் செத்தார்கள். எண்பதுகளில் ஜெயிலுக்கு அனுப்பப்பட்ட அதே தலைமுறை! செத்த கறுப்பர்களில் முன்பு போதைக்குச் சிகிச்சை பெற்றதற்கு அடையாளம் இருந்தது பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான்.

2023இல் மொத்தப் போதைச் சாவு கொஞ்சம் இறங்கியதும் ஒரே பூரிப்பு. இறங்கியது வெள்ளையர் விகிதம். கறுப்பர் விகிதம் ஏறியது. பூர்வகுடிகள் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வலி மாத்திரை வழக்குகளில் மருந்துக் கம்பெனிகளிடமிருந்து வரவேண்டிய இழப்பீடு 5,000 கோடி டாலருக்கு மேல். வந்த பணத்தில் சில ஊர்கள் போலீசுக்குப் புது ரோந்து வண்டி வாங்கின. ரோந்து எந்தத் தெருவில் என்று கேட்டு அதிகாரிகளைச் சங்கடப்படுத்தாதீர்கள்.