முதலாளி நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருப்பது எப்படி?

உத்திரமேரூர்ப் பக்கம் ரைஸ் மில் வைத்து, அதை பிரைவேட் லிமிடெட் ஆக்கி, பேங்கில் சி.சி. வாங்கி, இப்போது வட்டி கட்டத் திணறும் அன்பர்களுக்கான குறிப்புகள் இவை. தனி முதலாளிகள் இத்தோடு நகரலாம். உங்களைத் தேடி வருவது சர்ஃபாசி சட்டம். 60 நாள் நோட்டீஸ், அப்புறம் கேட்டில் பூட்டு.

ரிசீவர் என்றால் நமக்குத் தெரிந்தது, பங்காளிச் சண்டையில் நிலத்துக்குக் கோர்ட் போடுகிற ஆள். திவால் மனு ஏற்கப்பட்ட கம்பெனிக்கு வருபவர் 'இடைக்காலத் தீர்வு நிபுணர்'. பெயர் நீளம், வேலை சுருக்கம்: உங்கள் நாற்காலி.

அதைக் காப்பாற்ற முதல் வழி, அமெரிக்காவில் பிறப்பது. அங்கே 'சாப்டர் 11' மனுப் போட்டால் பழைய நிர்வாகமே பெரும்பாலும் தொடரும். முடியாதா? காலத்தையாவது மாற்றிப் பிறந்திருக்கலாம். 1985-ல் வந்த நலிந்த நிறுவனச் சட்டத்தின்கீழ் பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்தின் படியேறிய முதலாளிகள் வருஷக்கணக்கில் இறங்காமல் இருந்தார்கள். கடன் கொடுத்தவர்களுக்குத்தான் செருப்புத் தேய்ந்தது. 2016 திவால் சட்டம் அந்தச் சுகத்தைக் கெடுத்தது. அதன் 17-வது பிரிவுப்படி, நிபுணர் நியமிக்கப்பட்ட நாளிலேயே இயக்குநர் குழுவின் அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும்.

அவர் வருகிற காலையில் பதறாதீர்கள். சர்க்கரை இல்லாத டீ கேட்பார். பிறகு ரப்பர் ஸ்டாம்ப், செக் புக், டாலி பாஸ்வேர்டு, குடோன் சாவி. "நான் யார் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தெரியும், கையிலிருக்கும் காகிதத்தில் நீங்கள் 'சஸ்பெண்டட் டைரக்டர்'. களத்தில் காயும் நெல்லிலிருந்து உமி, தவிடுவரை எழுதிக்கொள்வார். வாசலில் வாட்ச்மேன், யாருக்கு சலாம் வைப்பதென்று தெரியாமல் பொதுவாக ஒன்று வைப்பார்; ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாலை போட்ட அப்பா படம் சொத்துப் பட்டியலில் வராது என்றுதான் நினைக்கிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையை நகர்த்துவது தாத்தா காலத்து உத்தி. இப்போது பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கை மறைத்தாலே ஐந்து வருஷம்வரை உள்ளே வைக்கலாம். அதற்குப் பதில் கடன் கொடுத்தவர்கள் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அழைப்பு உங்களுக்கும் வரும். பேசலாம், ஓட்டு கிடையாது. பந்தியில் இலை உண்டு, சோறு இல்லை.

"மச்சான் பெயரில் நானே ஏலம் எடுத்துவிடுவேனே?" என்பீர்கள். 2017 நவம்பரில் 29ஏ பிரிவு வந்து, கடனை முடக்கிய புரமோட்டரோடு அவர் சொந்தபந்தத்தையும் சேர்த்து வெளியே நிறுத்தியது. டெல்லிக்காரர்களின் புது யோசனை என்று திட்டுவதற்கு முன், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒரு நடை பாருங்கள். 919-லும் 921-லும், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு. ஊர்ச்சபைத் தேர்தலுக்கான குடவோலை விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. அவன் அப்பன், மகன், மருமகன், மாமனார், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், சகோதரி கணவன், எவனும் கூடாது. மனைவியின் சகோதரனும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். உங்கள் மச்சானை இந்த ஊர் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எதிர்பார்த்திருக்கிறது.

பெரிய கைகளுக்கு 12ஏ இருக்கிறது. கடன் கொடுத்தவர்களில் 90 சதவீத ஓட்டு கிடைத்தால் திவால் வழக்கையே வாபஸ் வாங்கலாம். சென்னையின் சிவா இண்டஸ்ட்ரீஸ் 94.23 சதவீதம் வாங்கியது. அப்படியும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்பவில்லை, நிறுவனத்தைக் கலைக்கச் சொன்னது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கம்பெனி புரமோட்டருக்குத் திரும்பியது. உங்களிடம் அத்தனை வக்கீல் ஃபீஸ் இருந்தால் வட்டியையே கட்டியிருப்பீர்கள்.

கேலியை விட்டுச் சொல்கிறேன். குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கு 240ஏ பிரிவு அந்த 29ஏ தடையைப் பெருமளவு தளர்த்துகிறது. வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்ற முத்திரை விழாதவரை உங்கள் மில்லுக்கு நீங்களே விலை கேட்கலாம். 2021-ல் வந்த 'பிரீ-பேக்' இன்னும் நல்லது: கடன் கொடுத்தவர்களில் 66 சதவீதத்தாரை முன்கூட்டியே சம்மதிக்கவைத்து மனுப் போட்டால், 120 நாள் கெடுவுக்குள், நிபுணர் மேற்பார்வை பார்க்க, நாற்காலியில் நீங்களே இருக்கலாம். இரண்டுக்கும் உத்யம் சான்றிதழை எடுத்து வையுங்கள். ஆதாரோடு கம்பெனியின் பான் எண்ணும், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணும் வேண்டும்; கட்டணம் கிடையாது.